ஆற்றங்கரைப் புதரும் தொழிலாளர் நலமும்

தோட்டங்களில் பழைய மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்யும்போது, புல்டோசர் எந்த இடத்தில் நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை நமது வாசகர்கள் முன் வைக்கிறோம். சம்பளத்தையும் வீட்டையும் பற்றிப் பேச வேண்டிய பத்திரிகையில் ஆற்றங்கரைப் புதருக்கு என்ன வேலை என்று சில அன்பர்கள் முகம் சுளிக்கலாம். ஆற்றோரம் குடியிருப்பவர் யார்? துரையின் பங்களா குன்றின் மேல் இருக்கிறது. லயத்து வீடுகள் பள்ளத்தில் இருக்கின்றன. தண்ணீர் கலங்கினால் முதலில் காண்பவர்களும், தண்ணீர் ஏறினால் முதலில் மூட்டை கட்டுகிறவர்களும் நாமே. ஆகவே கரையில் நிற்கும் மரத்தை வெட்டுவதா விடுவதா என்ற விஷயத்தில் நமக்கும் ஒரு வாக்கு உண்டு என்பதே நமது வாதம்.

நமது ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி, சுங்கை பூலோ. ஆறு சேருமிடமெல்லாம் குவாலா. ஆற்றின் தலைப்பகுதியெல்லாம் உலு. இந்நாட்டில் ஆறுகள்தான் முதல் சாலைகள். ஆற்று வழியே ஊர்கள் தோன்றின. பிறகு தோட்டங்கள் தோன்றின. பெயரில் ஆற்றை வைத்துக்கொண்ட தோட்டங்கள் பலவற்றில் இன்று ஆறு எப்படி இருக்கிறது? கரை விளிம்பு வரை கித்தாவோ செம்பனையோ நிற்கிறது. அதன் காலடியில் மருந்தடித்துக் கருகிய புல். மழை பெய்தால் தேத்தண்ணீர் நிறத்தில் ஓடுகிறது ஆறு.

இது இன்று நேற்று வந்த வழக்கமன்று. ரப்பர் வந்த தொடக்க காலத்தில் 'சுத்தமான தோட்டம்' என்பது துரைமாரின் பெருமையாக இருந்தது. மரத்தடியில் ஒரு புல் கூட இருக்கக் கூடாது. நம் முன்னோரை வரிசையாக நிறுத்தி, மண்வெட்டியால் சுரண்டச் சொன்னார்கள். சுரண்டிய மண் முதல் பெருமழையிலேயே ஆற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. சரிவான நிலத்தின் மேல்மண் கரைந்து, மரம் வாடத் தொடங்கிய பின்புதான் பியூரேரியா போன்ற மூடுபயிர்க் கொடிகளை நடும் பழக்கம் பரவிற்று. சரிவு நிலத்துக்குப் படித்த அந்தப் பாடத்தை ஆற்றங்கரைக்கு மட்டும் இன்னும் பலர் படிக்கவில்லை.

மண்ணைவிடப் பெரிய விலையாக உயிரையே கொடுத்த வரலாறும் நமக்கு உண்டு. இளைய தொழிலாளர்கள் அதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். 1901-இல் மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிள்ளானுக்கு வந்தார். மலேரியாக் காய்ச்சலால் ஊரே படுத்துக் கிடந்த காலம் அது. சதுப்பு நிலத்துக் காட்டை வெட்டி, பாரிட் தோண்டி நீரை வடித்தார், காய்ச்சல் குறைந்தது. காட்டை வெட்டினால் மலேரியா ஒழியும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். ஆனால் குன்றுப் பகுதித் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே ஓடைகளின் இருபக்கமும் இருந்த காட்டை வெட்டி, புல்லைச் சுரண்டி, நீரோட்டத்தை வெயிலுக்குத் திறந்து விட்ட பின்பு காய்ச்சல் குறைவதற்குப் பதிலாக ஏறிற்று. ஆயத்துக் குழந்தைகளும், புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய ஆட்களும் மடிந்தார்கள்.

காரணத்தை வாட்சன் கண்டுபிடித்தார். கரையோரச் சதுப்பில் நிழலை விரும்பும் கொசு வேறு. குன்றுகளில் மலேரியாவைப் பரப்பும் கொசு வேறு. பின்னதன் பெயர் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ். அது முட்டையிடுவது தெளிந்த, வெயில் படும் ஓடை நீரிலும் ஊற்றுக் கசிவிலும். ஓடையின் மேல் காட்டு நிழல் கவிந்திருந்த வரை அதற்கு அங்கே இடமில்லை. நிழலை வெட்டியபோது அதற்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்தோம். நாமே என்றால் வெட்டச் சொன்ன கம்பெனிகள். வெட்டிய கைகளும் செத்த உடல்களும் நம்முடையவை. பிறகு தரைக்கடியில் குழாய் பதித்தும், ஓடைகளில் வாராவாரம் எண்ணெய் தெளித்தும் அந்தக் கொசுவோடு ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியதாயிற்று. எண்ணெய் தெளிக்கும் ஆள் என்று தோட்டந்தோறும் ஒரு வேலையே உண்டாயிற்று. 1911-இல் வாட்சன் இவற்றைப் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

நிழல் எல்லா இடத்துக்கும் மருந்து என்று நாம் சொல்ல வரவில்லை. கரையோரத் தாழ்நிலத்தில் நேர்மாறாக நடந்ததை மேலேயே கூறினோம். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் நாட்டில் உள்ளூரில் தோன்றாத நிலை வந்திருந்தாலும், குரங்கிடமிருந்து வரும் நோலெசி மலேரியா காட்டோரம் வேலை செய்பவர்களை இன்றும் பிடிக்கிறது. அதற்குக் கொசுவலையும், காய்ச்சல் கண்டவுடன் இரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஓடையோரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் தள்ளுவதால் சுகாதாரம் வந்துவிடாது என்பதே அந்தப் பழைய சாவுகள் நமக்குச் சொல்வது.

சரி, கரையில் நிற்கும் மரமும் புதரும் அப்படி என்ன வேலை செய்கின்றன? முதலாவது, வேர் மண்ணைப் பிடித்துக்கொள்கிறது. ஆழ வேரோடும் மரமும், சல்லி வேர் பின்னும் மூங்கிலும் புல்லும் சேர்ந்திருக்கும் கரையை வெள்ளம் எளிதில் கரைப்பதில்லை. செம்பனைக்கும் வேர் உண்டே என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அடியில் புல்லே இல்லாமல் மொட்டையாக இருக்கும் கரையில் அதன் வேர் வெளியே தெரிந்து, கடைசியில் மரமே ஆற்றுக்குள் சாய்ந்து கிடப்பதை நம்மில் பார்க்காதவர் யார்? கிளந்தான், திரங்கானு, பகாங் ஆறுகளில் நேராம் என்ற பெருமரம் தண்ணீரின் மேல் சாய்ந்தபடி நிற்கும். விழப்போகிறது என்று தோன்றும். அதன் வேர்தான் அந்தக் கரையையே தாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, மேட்டிலிருந்து மழைநீரோடு வரும் மண்ணும் உரமும் நேராக ஆற்றில் விழாமல் புதரிலும் சருகிலும் தட்டி நிற்கின்றன. நீர் மெதுவாகிறது, மண் படிகிறது, கரைந்த உரத்தில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சிக்கொள்கின்றன. கம்பெனி பணம் கொடுத்து வாங்கி, தொழிலாளி முதுகில் சுமந்து போட்ட உரம் ஆற்றோடு போவதில் யாருக்கு இலாபம்? மண் படிந்து ஆற்றின் அடி மேடாகிவிட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் போக இடமின்றிக் கரை மீறி ஏறுகிறது. 2014 டிசம்பரில் கிளந்தானை மூழ்கடித்த பெருவெள்ளத்தை அங்குள்ள மக்கள் 'பா கூனிங்' என்று அழைத்தார்கள். மஞ்சள் வெள்ளம் என்று பொருள். தண்ணீர் வடிந்த பின் வீட்டுக்குள் கிடந்த சேறுதான் அந்தப் பெயரைக் கொடுத்தது. அவ்வளவு பெரிய மழையைக் கரையோரப் புதர் தடுத்து நிறுத்திவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுதோறும் லயத்து வாசல் வரை வந்து போகிறதே சிறு வெள்ளம், அதில் வரும் சேற்றைக் குறைக்கும்.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிழல் போன ஆற்றில் தண்ணீர் சூடேறுகிறது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. கரை மரத்திலிருந்து விழும் இலையைத் தின்று பூச்சிகள் வாழ்கின்றன. பூச்சியைத் தின்று சிறு மீன் வாழ்கிறது. கெலா, ஜெலாவாட் போன்ற மீன்கள் ஆற்றோர மரங்களின் பழத்தையே தின்று கொழுப்பவை. மரத்தை வெட்டினால் அவற்றின் சோற்றுப் பானையை உடைத்ததாகும். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு போய் வெறுங்கையோடு திரும்பும் நமது ஆட்கள், மீன் எல்லாம் எங்கே போயிற்று என்று ஆற்றைத் திட்டுகிறார்கள். கரையைத் திரும்பிப் பார்த்தால் விடை அங்கேயே இருக்கும்.

குவாலா சிலாங்கூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கு மின்மினியைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரங்களில் இரவெல்லாம் ஒரே தாளத்தில் மின்னும் அந்தப் பூச்சிகளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். படகு ஓட்டுகிறவர்களுக்கு அது பிழைப்பு. மின்மினி இரவில் மரத்தில் இருந்தாலும், அதன் புழு வளர்வது கரையின் ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்று. மரத்தை மட்டும் காப்பாற்றி விட்டு, பின்னால் உள்ள ஈரக் கரையைச் சுத்தம் செய்து செம்பனை வைத்தால் மரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. அகலம் முக்கியம் என்று நாம் வற்புறுத்துவது இதனால்தான்.

எவ்வளவு அகலம்? வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி கணக்குப் போட்டே கொடுத்திருக்கிறது. ஆறு 40 மீட்டருக்கு மேல் அகலமானால் ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் விட வேண்டும். 20 முதல் 40 மீட்டர் வரை அகலமான ஆற்றுக்கு 40 மீட்டர். 10 முதல் 20 வரை என்றால் 20 மீட்டர். 5 முதல் 10 வரை என்றால் 10 மீட்டர். அதிலும் சிறிய ஓடைக்கு 5 மீட்டர். இதைத்தான் 'ரிசாப் சுங்கை' என்கிறார்கள். சபா மாநிலத்தில் 1998-ஆம் ஆண்டுச் சட்டமே 3 மீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள ஆறுகளுக்கு 20 மீட்டர் என்று விதித்திருக்கிறது. ஆனால் அங்கே செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஆற்றோரக் காடுகளில் பறவைகளை எண்ணிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், காட்டுப் பறவைகள் உண்மையாகவே தங்கி வாழக் கரைக்கு 40 மீட்டராவது வேண்டும் என்று 2018-இல் எழுதினார்கள்.

இவ்வளவு இருந்தும் கரை ஏன் மொட்டையாகிறது? மேற்சொன்ன அளவுகள் தீபகற்பத்தில் வழிகாட்டியாகவே இருக்கின்றன. தேசிய நிலச் சட்டத்தின் 62-வது பிரிவின்படி மாநில அரசாங்கம் நிலத்தை ஒதுக்கி அரசிதழில் வெளியிட்டால்தான் அது ஒதுக்கு நிலமாகிறது. பல ஆறுகளுக்கு அது நடக்கவேயில்லை. பழைய தோட்டப் பட்டாக்கள் சில ஆற்று விளிம்பு வரையும் நீள்கின்றன. ஆற்றின் கரையைக் கெடுத்தவன் அதைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட 1920-ஆம் ஆண்டுத் தண்ணீர்ச் சட்டத்திலேயே இடமுண்டு. நூறு ஆண்டுக்கு மேல் வயதான சட்டம் பீரோவில் தூங்குகிறது. செம்பனைக்கு 2020 முதல் கட்டாயமாகிவிட்ட மலேசிய நிலைத்தன்மைச் சான்றிதழும் ஆற்றோரத்தைக் காக்க வேண்டும் என்றே கேட்கிறது. சான்றிதழ்க்காரர்கள் வரும் வாரத்தில் கரையில் புதுப் பலகை முளைக்கும். சிவப்புச் சாயம் பூசப்படும். அவர்கள் போன மறுவாரம் பம்பு அதே கோட்டைத் தாண்டிப் போகும். நாமறிந்த ஒரு தோட்டத்தில் பலகையில் இருந்த எழுத்து வெயிலில் மங்கும் முன்பே அடியில் இருந்த புல் கருகிவிட்டது.

இங்கே கிராணிமாருக்கு ஒரு வார்த்தை. புத்தகம் நம் கையில் இருக்கிறது. எந்த நிரையில் எத்தனை பம்பு மருந்து அடிக்கப்பட்டது, எத்தனை ஹெக்டர் நடப்பட்டது என்று எழுதுகிறவர்கள் நாம். ஆற்றோரத் துண்டும் நடவுப் பரப்பில் சேர்ந்தே கணக்கில் ஏறிவிட்டால், அதற்கும் விளைச்சல் காட்ட வேண்டும். விளைச்சல் காட்ட உரம், மருந்து, ஆள் எல்லாம் அங்கே போக வேண்டும். கரையை விட்டுவிடச் சொல்லும் அதே நிர்வாகம், கணக்கில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். கடைசியில் திட்டு வாங்குவது மருந்தடித்த பெண்தான். நடவுப் பரப்பிலிருந்து அந்தத் துண்டைப் பிரித்துத் தனி வரியில் எழுதுவது பேனாவுக்குச் சிறிய வேலை. அப்படி எழுதிவிட்டால் அதன் மேல் எந்த வேலைக் கணக்கும் வராது.

மருந்தடிப்பு என்றதும் நமது சகோதரிகளின் நிலைமையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாராகுவாட் என்ற கொடிய மருந்து 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டது; அதற்கு முன் எத்தனை ஆண்டுகள் அது நமது பெண்களின் முதுகில் ஏறியிருந்தது! வேறு மருந்துகள் இன்றும் இருக்கின்றன. பம்பு கணக்குக்குச் சம்பளம் என்கிறபோது, விளிம்பு வரை அடித்து முடித்தால்தான் கணக்கு நேராகும் என்ற பயம் இருக்கிறது. ஈரமான, வழுக்கும் கரையில் பம்பைச் சுமந்து நிற்பதே ஆபத்து. அந்த மருந்து கீழே போய்ச் சேரும் ஆற்றில்தான் கீழ்த் தோட்டத்துப் பிள்ளைகள் குளிக்கிறார்கள். கரையோரத்தில் மருந்தடிக்காமல் விட்டதற்காக ஒருவருடைய சம்பளத்திலும் ஒரு காசு குறையக் கூடாது. இதைச் சங்கம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களிலேயே சிலர் மறுப்புச் சொல்வார்கள். புதர் இருந்தால் பாம்பு வரும் என்பார்கள். நியாயமான பயம்தான், வீட்டுப் பக்கத்தில், பிள்ளைகள் விளையாடும் இடத்தில், குளிக்கும் துறையில் புதரை வெட்டிச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டியதே. இரண்டு துறைகளுக்காக இரண்டு மைல் கரையை மொட்டையடிக்க வேண்டியதில்லை. அன்றியும் பாம்பு எலியைத் தேடி வருகிறது. எலி செம்பனைப் பழத்தையும் வீட்டுக் குப்பையையும் தேடி வருகிறது. புதரை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது.

இன்னொரு விஷயத்தில் நாம் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆற்றோரம் நமது குடும்பங்கள் வாழையும் மரவள்ளியும் கீரையும் போட்டிருக்கின்றன. கரையைக் காக்கிறோம் என்ற பெயரில் முதலில் இந்தத் தோட்டத்தைப் பிடுங்க நிர்வாகம் ஓடி வரும். நூற்றுக்கணக்கான ஹெக்டரில் விளிம்பு வரை நட்ட கம்பெனி, ஒரு கிழவியின் பத்து வாழையைக் காட்டி 'ஆற்றைக் கெடுக்கிறாள்' என்று சொல்ல நாம் விடக் கூடாது. அதே சமயம் தண்ணீரை ஒட்டிய மண்ணைக் கிளறி மரவள்ளி போட்டால் அந்த மண்ணும் ஆற்றுக்குத்தான் போகும். ஆகவே கொல்லையைச் சற்று மேட்டுக்கு நகர்த்திக்கொள்ள நிர்வாகம் மாற்று இடம் தர வேண்டும். விளிம்பைப் புல்லுக்கும் மரத்துக்கும் நாம் விட வேண்டும். அங்கே தானாக முளைக்கும் பாக்குக் கீரையையும் கங்கோங்கையும் பறித்துக்கொள்வதை எந்தச் சட்டமும் தடுக்கப் போவதில்லை. மருந்து படாத கரையாக இருக்க வேண்டும், அவ்வளவே.

மொட்டையாகிவிட்ட கரையை மறுபடி காடாக்க முடியுமா? முடியும், செலவும் பெரிதன்று. மறுநடவின்போது கரையோரத்து நிரைகளை மட்டும் வீழ்த்தாமல், மருந்தடிக்காமல், உரம் போடாமல் விட்டுவிட்டால் அவற்றின் அடியில் காட்டுக் கன்றுகள் தாமாக முளைக்கும். பறவை விதை கொண்டு வரும். லாலான் மட்டுமே மண்டிக் கிடக்கும் இடத்தில் அத்தி, மூங்கில், பூங்கோர், கப்பீஸ் போன்ற ஆற்றோர மரங்களை ஊன்றலாம். தாழ்நிலத்தில் நடும் செம்பனை வெள்ளத்தில் நின்று மடிவதும் உண்டு. சபாவில் கினபாத்தாங்கான் ஆற்றுப் பக்கம் அப்படிப் பணத்தை இழந்த தோட்டங்கள் இருக்கின்றன. ஆகவே விட்டுவிடச் சொல்வதெல்லாம் நல்ல நிலம் என்று நிர்வாகங்கள் அழ வேண்டியதில்லை.

மறுநடவு இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வருவது. இம்முறை விளிம்பு வரை நட்டுவிட்டால் அடுத்த வாய்ப்பு நமது பிள்ளைகள் காலத்தில்தான். பல தோட்டங்களில் ஆற்றோரத்தில் இன்று மிஞ்சி நிற்கும் ஒரே பெருமரம் முனியாண்டி கோயில் மரம். சாமிக்குப் பயந்து அதில் கோடரி வைக்கவில்லை. மற்ற மரங்களுக்குச் சங்கம்தான் சாமியாக நிற்க வேண்டும் போலிருக்கிறது.

வழி இருக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் குழு அமைக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் உண்டு. 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, உடனடி ஆபத்து இருக்கும் இடத்திலிருந்து தொழிலாளி விலகிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. ஆற்றோர மருந்தடிப்பை அடுத்த குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் கிளைச் செயலாளர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். மறுநடவு நடக்கவிருக்கும் தோட்டங்களில், மரம் வீழ்த்தும் முன்பே ஆற்றின் அகலத்தை அளந்து, இலாகாவின் கணக்குப்படி எத்தனை மீட்டர் விட வேண்டுமோ அத்தனை மீட்டரில் முளை அடித்து, தோட்ட வரைபடத்திலும் அதைக் குறிக்கும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். அளக்கும்போது ஒரு கிராணியும், கிளைச் சார்பில் ஒரு வெளிக்காட்டுத் தொழிலாளியும் உடன் இருக்க வேண்டும். அளப்பதும் முளை அடிப்பதும் கன்று ஊன்றுவதும் தோட்ட வேலையே. அதற்கு முழு நாள் சம்பளம் உண்டு என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிட வேண்டும்.